அப்பா பம்ப் அடிக்கிறாரா இல்லையா: கணக்கு வைக்கச் செயலி உண்டா?

மல்லிப்பந்தல்
அக்டோபர் 6, இரவு 9.42

வணக்கம். அப்பாவுக்கு வயது 68. ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறார். முப்பது ஆண்டு நூற்பாலை வேலை. பஞ்சுத் தூசியா பரம்பரையா தெரியாது, இருபது ஆண்டாக இளைப்பு கூடவே இருக்கிறது. நான் பெங்களூரில் இருக்கிறேன்.

மருத்துவர் இரண்டு பம்ப் (இன்ஹேலர்) கொடுத்திருக்கிறார். ஒன்று காலையில் இரண்டு அடி, இரவில் இரண்டு அடி, தவறாமல் தினமும். மற்றது நீலப் பம்ப், மூச்சு முட்டும்போது மட்டும். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது தினசரிப் பம்பின் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்தேன். 71. ஆகஸ்ட் 2ஆம் தேதி 120 அடியோடு நானே பிரித்துக் கொடுத்த பம்ப் அது. நான் பார்த்த நாள் அக்டோபர் 2. இந்த 61 நாளில் 244 அடி போயிருக்க வேண்டும், மூன்றாவது பம்ப் தொடங்கியிருக்க வேண்டும். போயிருப்பது 49. அதே இரண்டு மாதத்தில் நீலப் பம்ப் ஒன்று காலி, இரண்டாவது பாதிக்குக் கீழே வந்துவிட்டது.

கேட்டால், “தினமும் போடுகிறேனே அம்மா, அதில் உனக்கு என்ன சந்தேகம்?” என்கிறார். அவர் பொய் சொல்லும் மனிதர் இல்லை. அதுதான் எனக்குக் குழப்பம்.

அவரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. வாட்ஸ்அப்பும் பக்திப் பாடல்களும் தவிர வேறெதற்கும் தொடமாட்டார். அவர் பம்ப் அடித்தால் இங்கே எனக்குத் தெரியும்படி ஏதாவது செயலி இருக்கிறதா? யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?


நாற்பதாண்டு மூச்சு
அக்டோபர் 6, இரவு 10.15

அம்மணி, உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. நானும் பத்துப் பதினைந்து வருடம் இதையேதான் என் மனைவியிடமும் மருத்துவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் அகராதியில் “தினமும்” என்றால் “வேண்டும்போதெல்லாம்” என்று பொருள். நன்றாக மூச்சு விடுகிற நாளில் கை எப்படி மருந்துக்குப் போகும்? பசிக்காதபோது யார் சாப்பிடுகிறார்கள்?

நீலப் பம்ப் அப்படியில்லை. அடித்த ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறக்கும், அதற்கு நன்றி சொல்லத் தோன்றும். தினசரிப் பம்ப் அடித்தால் ஒன்றுமே தெரியாது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அதன் வேலை என்பது எனக்குப் புரிய ஐம்பது வயதாயிற்று.

பயமும் ஒரு காரணம். “பம்ப் பழகிவிட்டால் விட முடியாது” என்று ஊரில் சொல்லாத ஆள் இல்லை. கோபிசெட்டிபாளையம் பஸ் நிலையத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று அடித்திருக்கிறேன், பீடி குடிக்கும் பையனைப் போல. அதை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று ஜூன் மாதத்தில் ஹைதராபாத்துக்கு ரயிலேறி, வரிசையில் நின்று, விரால் குஞ்சை உயிரோடு விழுங்கியவன் நான். இரண்டு வருடம் போனேன். மீன் போயிற்று, இளைப்பு இருக்கிறது.

செயலி பற்றி எனக்குத் தெரியாது. பம்பில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே இருக்கும் குப்பியைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் காலி.


இரவுப்பணி
அக்டோபர் 7, காலை 5.20

லண்டனில் சுவாசநோய்ப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். முதலில் ஒரு திருத்தம். ஐயா, குப்பியைத் தண்ணீரில் போடும் சோதனை வேண்டாம். ஒரு காலத்தில் நாங்களே சொல்லிக்கொடுத்ததுதான், ஆனால் நம்பத் தகுந்ததல்ல. தண்ணீர் உள்ளே புகுந்து வாய் அடைத்துக்கொள்ளவும் கூடும். எண் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் பம்ப் “புஸ்” என்று சத்தம் போடும். வருவது வெறும் உந்துவாயு. அந்தச் சத்தத்தை நம்பி மாதக்கணக்கில் காற்றை இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

மல்லிப்பந்தல், நீங்கள் தினசரிப் பம்பின் 49ஐப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு நீலப் பம்புதான் அதிகக் கவலை. பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் மருத்துவக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 195 மரணங்கள். நீலப் பம்ப் எத்தனை எழுதிக் கொடுத்தார்கள் என்ற கணக்கு 165 பேருக்குக் கிடைத்தது. அதில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கு மேல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆறு பேருக்கு ஐம்பதுக்கு மேல். மாதம் ஒரு நீலப் பம்ப் தீருகிறது என்றால் உள்ளே வீக்கம் அடங்கவில்லை என்று பொருள். 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டி நெறிகள் நீலப் பம்பை மட்டும் வைத்துச் சமாளிப்பதே கூடாது என்று சொல்கின்றன.

எனவே செயலி தேடுவதற்கு முன்னால் இந்த வாரமே மருத்துவரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். நீலப் பம்ப் அடித்தும் நான்கு மணி நேரம் தாக்குப்பிடிக்கவில்லை, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் மருத்துவமனைதான். இதை அக்கம்பக்கத்தில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.


கம்பியில்லாக் குருவி
அக்டோபர் 7, முற்பகல் 11.05

கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன், என் மகளுக்கும் வீசிங் உண்டு, அதனால் இதைக் கொஞ்சம் தோண்டியிருக்கிறேன்.

சந்தையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வெறும் மணியடிக்கும் செயலிகள். நேரத்துக்குக் கூப்பிடும், நீங்கள் “எடுத்துவிட்டேன்” என்று தொட வேண்டும். இலவசமாக நிறையக் கிடைக்கும். அடுத்த வகைதான் நீங்கள் கேட்பது. பம்பின் தலையில் தொப்பி போல ஒரு சென்சார் மாட்டுவார்கள், அழுத்தியதும் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குச் செய்தி போகும். அமெரிக்காவில் புரொப்பெல்லர் ஹெல்த், நியூசிலாந்தில் அடேரியம் என்று இதற்காகவே நிறுவனங்கள் உண்டு. புரொப்பெல்லரை 2019இல் ரெஸ்மெட் என்ற நிறுவனம் 22.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

சென்சாரைப் பம்புக்குள்ளேயே பொதித்து டெவா நிறுவனம் செய்த டிஜிஹேலருக்கு 2018 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அழுத்தினார்களா என்பதோடு எவ்வளவு வேகமாக இழுத்தார்கள் என்றும் அது அளந்தது. எனக்கு மிகவும் பிடித்த கருவி. 2024 ஜூனோடு விற்பனையை நிறுத்திவிட்டார்கள். நல்ல கருவி என்பதும் நீடிக்கும் கருவி என்பதும் வேறு வேறு.

பலன் உண்டா என்றால், உண்டு. ஆக்லாந்தில் ஆஸ்துமா முற்றி அவசரச் சிகிச்சைக்கு வந்த 220 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள், 6 முதல் 15 வயது. எல்லோர் பம்பிலும் சென்சார், பாதிப் பேருக்கு மட்டும் அது ஒலியும் ஒளியும் காட்டி நினைவூட்டியது. ஆறு மாதம். நினைவூட்டல் பெற்ற குழந்தைகள் 84 சதவீத வேளை மருந்து எடுத்தார்கள், மற்றவர்கள் 30 சதவீதம். 2015இல் வெளிவந்த ஆய்வு.

நம் ஊர் மருந்துக்கடைகளில் இந்தச் சென்சார் வகையை நான் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாலும் நம் பம்பின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும். ஆகவே இப்போதைக்கு மணியடிக்கும் செயலிதான்.


இரவுப்பணி
அக்டோபர் 7, பிற்பகல் 2.48

ஆக்லாந்து ஆய்வு சரி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2017, 90 குழந்தைகள், அங்கும் சென்சாரும் நினைவூட்டலும். நினைவூட்டல் இல்லாத அணி 49 சதவீத வேளை மருந்து எடுத்தது, நினைவூட்டல் பெற்ற அணி 70 சதவீதம். ஆனால் “எப்படி இருக்கிறது மூச்சு?” என்று கேட்கும் மதிப்பெண் பட்டியலில் இரண்டு அணிக்கும் பெரிய வேறுபாடு வரவில்லை. மருத்துவமனையில் சேர்வதும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பதும் மட்டும் குறைந்தன. எனக்கு அதுவே போதும். “எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே” என்று சொல்பவர்களிடம் வாதாட மட்டும் அது உதவாது.


பூட்டுச்சாவி
அக்டோபர் 7, இரவு 8.30

எதையும் பதிவதற்கு முன் அந்தச் செயலி என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். மணியடிக்கத் தொடர்பு எண்கள் எதற்கு? அமெரிக்காவில் லூயிவில் நகரில் பம்பில் சென்சார் வைத்து, மக்கள் எந்தத் தெருவில் நிற்கும்போது பம்ப் அடிக்கிறார்கள் என்று நகராட்சியே வரைபடம் போட்டுப் பார்த்தது. காற்று மாசைக் கண்டுபிடிக்க நல்ல வேலைதான், கேட்டுச் சேர்ந்தவர்கள்தான். அதே வசதி யாரும் கேட்காமலும் நடக்கலாம் அல்லவா? “மருந்தைச் சரியாக எடுக்கவில்லை, ஆகவே காப்பீட்டுத் தொகை கிடையாது” என்று ஒருநாள் கடிதம் வந்தால் யாரிடம் போவது? 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது என்பதற்காக நிம்மதியாகத் தூங்க என்னால் முடியாது.

இன்னொன்று, அப்பாவுக்குத் தெரிந்து செய்யுங்கள். அவர் மூச்சு, அவர் கணக்கு.


கம்பியில்லாக் குருவி
அக்டோபர் 7, இரவு 8.51

பயம் நியாயம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை தடுமாறி ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குப் போகிறவருக்குக் காப்பீட்டுக் கடிதம் இரண்டாவது கவலை.


பூட்டுச்சாவி
அக்டோபர் 7, இரவு 8.58

அவருக்கு இரண்டாவது. அவர் மகளுக்கு முதலாவதாக வரும்.


மருந்துக்கடை மேசை
அக்டோபர் 8, இரவு 11.30

கடை சாத்திவிட்டு எழுதுகிறேன். திருநெல்வேலியில் பதினெட்டு ஆண்டாக மருந்தாளுநர். எத்தனை வேளை அடித்தார் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். அடித்தது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

சென்ற மாதம் ஒரு பெரியவர் வந்தார். பொடி நிரப்பிய கேப்சூல், அதை ஒரு கருவியில் போட்டுத் திருகி இழுக்க வேண்டும். “இந்த மாத்திரை எனக்குக் கேட்கவில்லை ஐயா” என்றார். இரண்டு வாரமாகத் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். கருவியைப் பேரன் வைத்து விளையாடுகிறான். அவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. செயலி வைத்திருந்தால் நூற்றுக்கு நூறு கொடுத்திருக்கும்.

பம்ப் வைத்திருப்பவர்களை “என் முன்னால் ஒருமுறை அடித்துக் காட்டுங்கள்” என்பேன். குலுக்குவதில்லை. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு ஆரம்பிப்பதில்லை. அழுத்தியபின் இழுப்பார்கள், அல்லது இழுத்தபின் அழுத்துவார்கள். வாயோரத்தில் வெள்ளைப் புகை வந்தால் மருந்து வெளியே போகிறது. மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பொடிக் கருவி என்றால் நேர்மாறு, ஒரே மூச்சில் வேகமாக உறிஞ்ச வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் மாற்றிச் செய்வார்கள்.

1975 முதல் 2014 வரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை உண்டு. சரியாக இழுத்தவர்கள் 31 சதவீதம். நாற்பது ஆண்டில் அந்த எண் முன்னேறவே இல்லை. கைப்பேசி நிலவு வரை படமெடுக்கிறது, நாம் இன்னும் குலுக்க மறக்கிறோம்.

அம்மா, அப்பா பம்ப் அடிப்பதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கைப்பேசியால் ஆகும் மிகப் பெரிய உதவி என் கணக்கில் அதுதான்.


எட்டாம் எண் வார்டு
அக்டோபர் 9, காலை 7.10

காசநோய்த் திட்டத்தில் களப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பேசுவது எங்களுக்குப் பழைய கதை. சொல்லப்போனால் சென்னையில் நடந்த கதை.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 193 நோயாளிகள், பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் வீட்டில். நல்ல சாப்பாடும் படுக்கையும் இல்லாமல் வீட்டில் மாத்திரை தின்றவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள் என்று 1959இல் வெளியிட்டது உலகத்தையே திருப்பிப் போட்டது. ஆனால் அந்த வீட்டுச் சிகிச்சையிலேயே ஒரு தொல்லை கிளம்பியது. மாத்திரையை வாங்கிப் போனவர் தின்றாரா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். கண் முன்னால் விழுங்க வைக்கும் முறை பிற்பாடு உலகமெங்கும் வந்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

பிறகு என் காலத்தில் 99டாட்ஸ் வந்தது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை, மாத்திரையைத் தள்ளினால் உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும், அதற்கு ஒரு மிஸ்டு கால். காசு செலவில்லை, ஸ்மார்ட்போன் வேண்டாம். அழகான யோசனை. ஆனால் மாத்திரையைத் தள்ளி அழைப்பும் கொடுத்துவிட்டு மாத்திரையைச் சாக்கடையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால், “வெறும் வயிற்றில் குமட்டுகிறது சார், நீங்கள் திட்டுவீர்களே என்று அழைத்துவிட்டேன்” என்பார்கள். அழைப்பு எனக்கு வந்தது. குமட்டல் கணினியில் வரவில்லை.


கம்பியில்லாக் குருவி
அக்டோபர் 9, காலை 9.25

சாக்கடைக் கதைக்கு இணையாக ஒன்று. அமெரிக்காவில் நுரையீரல் ஆய்வு ஒன்றில் பம்பில் ரகசியமாக நேரம் குறிக்கும் கருவி வைத்தார்கள். 101 பேரில் சுமார் 30 சதவீதம் பேர் ஏதாவது ஒரு மூன்று மணி நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் அழுத்தியிருந்தார்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும் நேரத்தை ஒட்டித்தான். எடை பார்ப்பார்கள் என்று குப்பியைக் காலி செய்திருக்கிறார்கள். 1996இல் வந்த கட்டுரை. பரீட்சைக்கு முந்தைய இரவு நோட்டுப் புத்தகத்தை நிரப்பும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.


மல்லிப்பந்தல்
அக்டோபர் 19, இரவு 10.02

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

மருத்துவரிடம் தொலைபேசியில் எண்களைச் சொன்னேன். உடனே நேரில் அழைத்து வரச் சொன்னார், அத்தை மகன் கூட்டிப் போனான். நெஞ்சைப் பார்த்துவிட்டு ஐந்து நாள் மாத்திரை கொடுத்து, தினசரிப் பம்பை விடவே கூடாது என்று கண்டித்து அனுப்பினார். அக்டோபர் 9 அன்று அத்தை மகனே மணியடிக்கும் செயலி ஒன்றைப் பதிந்து கொடுத்தான். அப்பாவிடம் சொல்லித்தான். எனக்கும் தகவல் வரும்படி இணைத்தோம்.

ஒன்பது நாள். காலை 7 மணி, பச்சை. இரவு 8 மணி, பச்சை. ஒரு சிவப்பு இல்லை. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நேற்று அவரைப் பம்பின் முதுகைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். 9ஆம் தேதி 69 இருந்தது. நேற்று 61. 36 போக வேண்டிய இடத்தில் எட்டு.

கோபத்தில் கேட்டுவிட்டேன். “அந்த மணி நிற்க வேண்டும் என்றால் அந்தப் பச்சையைத் தொட வேண்டுமாமே, தொட்டேன். சந்தியாகாலத்தில் விளக்கேற்றுகிற நேரத்தில் அது கிடந்து அலறுகிறது” என்றார். அப்புறம், “நீ என்ன என்னை வேவு பார்க்கிறாயா?” என்றார். அதிலிருந்து சரியாகப் பேசவில்லை.

 


பூட்டுச்சாவி
அக்டோபர் 19, இரவு 10.20

எதுவும் சொல்லாமல் இருக்கிறேன்.


கம்பியில்லாக் குருவி
அக்டோபர் 19, இரவு 10.44

எங்கள் தொழிலின் குற்றம் இது. மணியை நிறுத்துவதும் மருந்து எடுத்ததைப் பதிவதும் ஒரே பொத்தானாக இருந்தால் யாரும் இப்படித்தான் செய்வார்கள். என் மகளுக்கு நானே ஒரு சிறு செயலி எழுதினேன். அதில் மணியை நிறுத்தத் தனிப் பொத்தான், பதிவதற்குப் பம்பின் எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது வேறு விதமாகச் சதி செய்தது. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று கைப்பேசியே பின்னணியில் ஓடும் செயலியை மூடிவிடும், மூன்றாம் நாளிலிருந்து மணியே அடிக்காது. அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலிக்கு விலக்கு கொடுக்க வேண்டும். அதை 68 வயதுக்காரருக்குத் தொலைபேசியில் சொல்லிப் புரியவைக்க முயன்றவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.


நாற்பதாண்டு மூச்சு
அக்டோபர் 20, காலை 6.05

அம்மணி, வீட்டில் தினசரி நாள்காட்டி தொங்குகிறதா? தாள் கிழிக்கிற வகை. பம்பை அதன் ஆணியிலேயே ஒரு பையில் தொங்கவிடச் சொல்லுங்கள். காலையில் தாள் கிழிப்பதற்கு முன் பம்ப், அடித்தபின் முதுகில் இருக்கும் எண்ணை அந்தத் தாளில் எழுத வேண்டும், அப்புறம்தான் ராகுகாலம் எமகண்டம் பார்க்கலாம். கிழித்த தாளை எறியாமல் கிளிப்பில் மாட்டி வைக்கட்டும். நான் பதின்மூன்று வருடமாக இப்படித்தான் செய்கிறேன். எண்ணை எழுதும்போது பொய் எழுத முடியாது. நாளைக்கு எண் காட்டிக்கொடுக்கும்.

கணக்கு அவரிடம் இருக்கட்டும். அவர் கூப்பிட்டுச் சொன்னால் கேளுங்கள்.


மருந்துக்கடை மேசை
அக்டோபர் 20, இரவு 11.15

சரியான யோசனை. வீடியோ வந்ததா?


மல்லிப்பந்தல்
நவம்பர் 9, இரவு 9.15

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வெடிப் புகைக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்தி, அப்பாவோடு உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் நாள்காட்டித் தாள் கட்டை எடுத்துக் காட்டினார். அக்டோபர் 20இல் எண் 60. இன்று 8. இருபது நாளில் 80 போக வேண்டும், 52 போயிருக்கிறது. இதற்கு முன் இருந்ததைப் பார்த்தால் எனக்கு அது பெரிய முன்னேற்றம்.

ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் நான்கு நான்காகக் குறைகிறது. வியாழன் இரவிலிருந்து எண் நின்றுவிடுகிறது. வெள்ளி அதே எண். சனி அதே எண். ஞாயிறு காலை மறுபடி ஓடுகிறது. மூன்று வாரமும் அப்படியே. மறதி இப்படி நாள் பார்த்து வருமா?

கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் பெருமாள் கோயிலில் பஜனை. அப்பாதான் முன்பாட்டு. இந்தப் பம்ப் அடித்தால் குரல் கம்மிவிடுகிறதாம், மேலே போகும்போது உடைகிறதாம். இரண்டு நாள் நிறுத்தினால் தெளிகிறதாம். புரட்டாசி முழுவதும் பஜனை என்பதால் அந்த மாதம் பெரும்பாலும் தொடவே இல்லை. பாடுவதற்கு முன் மூச்சு வேண்டுமே என்று நீலப் பம்பை இரண்டு அடி அடித்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார்.

“இதை ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை?” என்றேன். “உயிரா பாட்டா என்று கேட்பார். பதில் சொல்லத் தெரியாது” என்றார்.

வீடியோ எடுத்தேன், மேசைக்காரருக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். அடித்தபின் வாய் கொப்பளிப்பதில்லை. கொப்பளிக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது.


மருந்துக்கடை மேசை
நவம்பர் 10, இரவு 11.40

வீடியோ பார்த்தேன். இரண்டு அடியையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நாயை விரட்டுவது போல “புஸ் புஸ்” என்று அடிக்கிறார். இடையில் அரை நிமிடமாவது விட வேண்டும். பாதி மருந்து தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே தங்குகிறது. குரல் கம்மாமல் என்ன செய்யும்?

இது தெரிந்த பக்கவிளைவுதான். தினசரிப் பம்பில் இருக்கும் ஸ்டீராய்டு தொண்டையில் படிந்தால் குரல் கரகரக்கும், சிலருக்கு வாயில் வெள்ளை படரும். ஸ்பேசர் என்ற குழலை வைத்து அடித்தால் தொண்டையில் படிவது வெகுவாகக் குறையும். அடித்தபின் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. கொப்பளிப்பது வாய்ப் படலத்துக்கு நன்றாகக் கேட்கும், குரல்வளைக்கு அந்த அளவு எட்டாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவரிடம் பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள், கட்டாயம். மருந்தையோ கருவியையோ மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது. தாமாக அளவைக் குறைக்க வேண்டாம்.


இரவுப்பணி
நவம்பர் 11, காலை 4.55

என் நோயாளிகளில் ஓர் ஆசிரியை, ஒரு தொழுகை அழைப்பாளர், ஒரு தொலைபேசி விற்பனையாளர். மூவருமே குரலுக்காக நிறுத்தியவர்கள். “மருந்து எடுக்கிறீர்களா?” என்று கேட்டால் எடுக்கிறேன் என்றார்கள். “எந்த நாளில் எடுக்க முடிவதில்லை?” என்று மாற்றிக் கேட்ட பிறகுதான் வெளியே வந்தது. நாள்காட்டி உங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக் கொடுத்திருக்கிறது.


கம்பியில்லாக் குருவி
நவம்பர் 11, காலை 10.30

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்சார் மாட்டியிருந்தாலும் அந்த வியாழன் முதல் சனி வரையிலான பள்ளம் இரண்டே வாரத்தில் வரைபடமாகத் தெரிந்திருக்கும். நாள்காட்டிக்குக் கிடைத்த பெருமையைச் செயலியிடமிருந்து பிடுங்க வேண்டாம்.


நாற்பதாண்டு மூச்சு
நவம்பர் 11, காலை 10.52

தெரிந்திருக்கும் தம்பி. பெங்களூரில் தெரிந்திருக்கும். அவர் கையால் எழுதிய தாள் என்பதால்தான் அவரே எடுத்துக் காட்டினார்.


மல்லிப்பந்தல்
நவம்பர் 30, இரவு 8.40

கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன். மருத்துவர் “உயிரா பாட்டா” என்று கேட்கவில்லை. “எந்தச் சுருதி?” என்று கேட்டாராம், அப்பா வந்து இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பேசர் கொடுத்திருக்கிறார், மருந்தையும் மாற்றியிருக்கிறார். குரல் முழுதாகத் திரும்பவில்லை. மேல் பஞ்சமத்தில் இன்னும் கரகரப்பு இருக்கிறதாம், அந்த இடத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுகிறார். ஆனால் வியாழக்கிழமை எண் இப்போது நிற்பதில்லை. நீலப் பம்ப் மூன்று வாரத்தில் பதினொரு அடி.

செயலியை எடுத்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு தாளையும் வரிசையாக மேசையில் பரப்பிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நான் கேட்கவில்லை, அவராக ஆரம்பித்தது.

ஒரு சந்தேகம். ஸ்பேசர் உள்ளே வெள்ளையாகப் படிகிறது. அப்பா வேட்டித் துணியால் பளபளவென்று துடைத்து வைக்கிறார். சரிதானா?


மருந்துக்கடை மேசை
நவம்பர் 30, இரவு 11.25

துடைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் மின்னேற்றம் ஏறி, அடிக்கிற மருந்தெல்லாம் குழலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, துடைக்காமல் அப்படியே காற்றில் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை போதும். மார்கழிப் பஜனைக்கு முன்னால் ஒருமுறை செய்துவிடட்டும்.